புனோம் பென்னுக்கு ஒரு மாலை கொடுங்கள்: கம்போடியா செல்லும் தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணிகளுக்கு,



அங்கோர் வாட்டை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை தமிழ்க் குடும்பங்களில் இப்போது பரவலாகிவிட்டது. பணி ஓய்வு பெற்றவர்கள், கோயில் கலையில் நாட்டமுள்ள இளைஞர்கள், உற்றார் உறவினரோடு கூட்டமாகக் கிளம்புபவர்கள் எனப் பலரும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கம்போடியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். பயண ஏற்பாட்டாளர் தரும் நிகழ்ச்சி நிரலில் கோயில்கள் இருக்கும் சியெம் ரீப்புக்குத்தான் பெரும்பங்கு நாள்கள். தலைநகர் புனோம் பென்னுக்கு ஒரு நாள். சில சமயம் அதுவும் அரை நாளாகச் சுருங்கிவிடும். அந்த நேரமும் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் கழியும்: காலையில் துவோல் ஸ்லெங் சிறை அருங்காட்சியகம், அடுத்து சோயுங் ஏக் கொலைக்களம், மாலையில் சந்தை, பிறகு விமான நிலையம்.

இந்த மடல் அந்த ஒரு நாளைப் பற்றியது. சிறையையும் கொலைக்களத்தையும் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்கல்ல, கட்டாயம் பாருங்கள். ஆனால் அவற்றை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர் அந்த நகரம் தன் இழப்பை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதில் பாதியைத்தான் பார்த்திருப்பார். மறுபாதி ஓவியத்திலும் நாட்டியத்திலும் திரைப்படத்திலும் பாட்டிலும் இருக்கிறது. அதைக் காக்கும் மனிதர்கள் நம் வருகையை எதிர்பார்த்து மாலைதோறும் மேடை ஏறுகிறார்கள்.

முதலில், நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தது. போர் அகதிகளால் ஏற்கெனவே நிரம்பி வழிந்த, சுமார் 20 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் சில நாள்களில் காலியாக்கப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களைக்கூட விடவில்லை. எல்லோரும் வயல்களுக்கு விரட்டப்பட்டார்கள். பணம், பள்ளி, கோயில், சந்தை, அஞ்சல் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. 1979 ஜனவரி 7 வரை நீடித்த அந்த ஆட்சியில் பட்டினி, நோய், ஓயாத உழைப்பு, கொலை ஆகியவற்றால் மாண்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். படித்தவர்களும் கலைஞர்களும் தனிக் குறியாக இருந்தார்கள். கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை என்பதே அந்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

துவோல் ஸ்லெங்குக்குள் நீங்கள் நுழையும்போது முதலில் தெரிவது ஒரு பள்ளிக்கூடம். நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிகளைப் போலவே நீண்ட தாழ்வாரங்களோடு கூடிய மூன்று மாடிக் கட்டடங்கள், நடுவே மரங்கள் நிற்கும் முற்றம். கெமர் ரூஜ் ஆட்சி இந்த வகுப்பறைகளைத்தான் எஸ்-21 என்ற ரகசியச் சிறையாக மாற்றியது. அதன் தலைவர் டுச் எனப்பட்ட காங் கெக் இயு, முன்பு கணக்கு வாத்தியார். குறைந்தது 12,272 பேர் இங்கே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று பின்னாளில் நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்தது. உண்மை எண்ணிக்கை அதைவிடக் கூடுதல். உயிரோடு வெளியே வந்தவர்களோ மிகச் சிலர்.

அந்தச் சிலரில் ஒருவர் வான் நாத். பட்டம்பாங் நகரில் சினிமா விளம்பரங்களும் பெயர்ப்பலகைகளும் வரைந்து பிழைத்த ஓவியர். 1978 ஜனவரி 7 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார். கைதிகள் பட்டியலில் அவர் பெயரருகே, பயன்படுத்திக்கொள்ள வைத்திருக்கலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பு விழுந்தது. அந்தக் குறிப்புதான் அவர் உயிரைக் காத்தது. ஒரு புகைப்படத்தைக் கொடுத்து அதைப் பெரிதாக வரையச் சொன்னார்கள். படத்தில் இருப்பவர் ஆட்சியின் தலைவர் போல் பாட் என்பதுகூட அவருக்கு அப்போது தெரியாது. வரைவது பிடிக்காவிட்டால் மறுநாள் லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும். பக்கத்து அறைகளிலிருந்து வரும் அலறலைக் கேட்டுக்கொண்டே அந்தக் கன்னத்துக்கும் உதட்டுக்கும் வண்ணம் தீட்டினார்.

ஆட்சி வீழ்ந்த பிறகு அவர் அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தார், இம்முறை தாமாகவே. கண்டதையும் சக கைதிகள் சொல்லக் கேட்டதையும் வரைந்தார். இன்று அருங்காட்சியகச் சுவரில் நீங்கள் காணும் படங்கள் அவை: தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட உடல், தாயின் கையிலிருந்து பிடுங்கப்படும் குழந்தை, ஒரே இரும்புக் கம்பியில் கால்கள் பூட்டப்பட்டு வரிசையாகக் கிடக்கும் எலும்புக்கூடான மனிதர்கள். சினிமாத் தட்டி வரைந்த கைக்குரிய அழுத்தமான வண்ணமும் நேரடியான கோடும் அவற்றில் அப்படியே இருக்கும். சிறை நிர்வாகம் எடுத்த ஆயிரக்கணக்கான கைதிகளின் புகைப்படங்கள் அடுத்த அறைகளில் இருக்கின்றன. அவை முகங்களைக் காட்டுகின்றன. அந்த முகங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சிறை படம் எடுத்து வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் வான் நாத். 2009இல் டுச் மீதான விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறினார். 2011இல் காலமானார்.

ஆகவே அந்த ஓவியங்களுக்கு முன் விரைந்து நகர்ந்துவிடாதீர்கள். குழுவின் வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டினாலும் பத்து நிமிடம் நில்லுங்கள். அங்கே சிரிப்பதற்குத் தடை என்று காட்டும் பலகை உண்டு. அதை ஒரு வேடிக்கையாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள சோயுங் ஏக்கிலும் அதே மரியாதை வேண்டும். 1988இல் எழுப்பப்பட்ட கண்ணாடித் தூபிக்குள் அடுக்கடுக்காக மண்டையோடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் 8,985. தோண்டாமல் விடப்பட்ட குழிகளும் உள்ளன. பெருமழைக்குப் பின் எலும்புத் துண்டும் துணிக் கிழிசலும் நடைபாதை மண்ணில் இன்னும் மேலே வருகின்றன. மரித்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இதே நகரில் வாழ்கிறார்கள். உங்களை அங்கே அழைத்துச் சென்ற துக்துக் ஓட்டுநரே அவர்களில் ஒருவராக இருக்கலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்த இரு இடங்களையும் எம்-13 என்ற பழைய சிறை இருந்த இடத்தையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பெரும்பாலான குழுக்கள் இத்தோடு புனோம் பென்னை முடித்துக்கொள்கின்றன. அந்த நகரம் நமக்குக் காட்ட விரும்புவது இதற்கு அப்பாலும் இருக்கிறது.

சியா சாமி என்ற நாட்டிய ஆசிரியையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தையாக அரண்மனைக்குள் நுழைந்து அரசவை நாட்டியம் கற்றவர். அவருடைய கணவர் அரண்மனையில் பணியாற்றியவர். கணவரின் தம்பி ஒருவன் கிராமத்திலிருந்து படிக்க வந்து அவர்கள் வீட்டில் தங்கி வளர்ந்தான். சாலோத் சார் என்பது அவன் பெயர். பின்னாளில் சியா சாமியும் மற்றவர்களைப் போல வயலுக்கு விரட்டப்பட்டுக் கூலியாக உழைத்தார். நாட்டை ஆளும் போல் பாட் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பொதுச் சமையல்கூடத்தில் தலைவரின் படம் மாட்டப்பட்ட பிறகுதான், தங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்த அதே சார்தான் அவன் என்பது குடும்பத்துக்குத் தெரியவந்தது.

ஆட்சி வீழ்ந்ததும் அவர் புனோம் பென்னுக்கு வந்தார். பிழைத்த சில ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். 1980இல் நுண்கலைப் பள்ளி மீண்டும் திறந்தது. முதலில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் பெற்றோரை இழந்தவர்கள். குறிப்பேடுகள் இல்லை, உடைகள் இல்லை, இசைக்கருவிகளில் பல இல்லை. ஒருவர் மறந்த அசைவை இன்னொருவர் எடுத்துக்கொடுக்க, ஒருவர் மறந்த பாடல் வரியை மற்றொருவர் முடித்துக்கொடுக்க, உடலின் நினைவிலிருந்தே நாட்டியங்களை மீட்டார்கள். 1994இல் சியா சாமி மறைந்தபோது ஒரு முழுத் தலைமுறை ஆடக் கற்றிருந்தது. அவர்களில் ஒருவரான சோஃபிலின் சியாம் ஷாப்பிரோ இன்று உலகறிந்த நாட்டிய அமைப்பாளர். கம்போடிய அரசவை நாட்டியத்தை 2003இல் யுனெஸ்கோ மானுடத்தின் அரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்ததற்குப் பின்னால் இருப்பது அந்த வெறுங்கை ஆசிரியர்களின் உழைப்பு.

பரதநாட்டியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நாட்டியம் முதலில் மிக மெதுவாகத் தோன்றும். பொறுத்திருந்து பாருங்கள். விரல்கள் புறங்கைப் பக்கமாக வில்போல வளையும். அதற்காகக் குழந்தைப் பருவத்திலிருந்தே நாள்தோறும் விரல்களைப் பின்னோக்கி அழுத்திப் பழக்குகிறார்கள். முழங்கால் மடிந்து, ஒரு கால் பின்னே உயர்ந்து, உள்ளங்கால் வானைப் பார்க்க நிற்கும் நிலை பறப்பதைக் குறிக்கும். மாணவர்கள் தொடக்கத்திலேயே உடல்வாகைப் பொறுத்து நான்கு வகைப் பாத்திரங்களுக்குப் பிரிக்கப்படுகிறார்கள்: பெண், ஆண், அரக்கர், குரங்கு. பின்பீட் இசைக்குழுவின் மரச்சட்ட வாத்தியமும் நாதசுரத்தின் உறவான குழலும் வட்டமாக அடுக்கிய வெண்கல மணிகளும் பெரிய முரசுகளும் ஆட்டத்தை நடத்திச் செல்லும்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒப்பனை அறையையும் எட்டிப் பாருங்கள். சரிகை வேய்ந்த மேலுடைக்கு அங்கே கொக்கியோ பொத்தானோ பெரிய வேலை செய்வதில்லை. ஆடுபவர் அசையாமல் நிற்க, இரண்டு பேர் ஊசியும் நூலுமாக அவர் உடம்போடு சேர்த்தே உடையைத் தைக்கிறார்கள். இடுப்புப் பட்டு மடிப்பு மடிப்பாக இழுத்துச் சொருகப்படுகிறது. மணிக்கணக்கில் நடக்கும் வேலை. ஆட்டம் முடிந்ததும் நூலை அறுத்துத்தான் உடையைக் கழற்ற வேண்டும். வியாழக்கிழமை அங்கும் குருவுக்குரிய நாள். அன்று முகமூடிகளையும் கிரீடங்களையும் முன்னே வைத்து, பழமும் பூவும் ஊதுவத்தியும் படைத்து, மறைந்த ஆசிரியர்களை வணங்குகிறார்கள். சியா சாமியைப் போன்றவர்களின் நினைவுநாள் அந்த வழிபாட்டில் வாரந்தோறும் வருகிறது.

ஆடப்படும் கதைகளில் பல உங்களுக்குத் தெரிந்தவை. ரியாம்கேர் என்ற அவர்களுடைய ராமாயணத்தில் அனுமன் கடலில் பொன் மீன்கன்னியைச் சந்தித்துக் காதலிக்கிறான். கம்பனில் இல்லாத கதை, அங்கே எல்லோருக்கும் பிடித்த கதை. அதை அவர்களுடைய ராமாயணமாகவே ரசியுங்கள். அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று சில விளம்பரங்கள் சொல்வதையும் ஊரோடு விட்டுவிடுங்கள். 12ஆம் நூற்றாண்டில் அதை எழுப்பியவர் கெமர் மன்னர் இரண்டாம் சூரியவர்மன். உண்மையான உறவுகள் வேறு இருக்கின்றன: கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது, பந்தே ஸ்ரெய் கோயிலின் சிற்பத்தில் ஆடும் சிவன் அருகே அமர்ந்திருக்கும் மெலிந்த உருவத்தைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். உறவு கொண்டாட இவை போதும்.

நாட்டியம் இன்று பழங்கதைகளை மட்டும் சொல்வதில்லை. கெமர் ரூஜ் தலைவர்களை விசாரிக்க ஐ.நா. உதவியோடு 2006 முதல் 2022 வரை இயங்கிய நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஈடுகளில் கலைப் படைப்புகளையும் சேர்த்துக்கொண்டது. சோஃபிலின் சியாம் ஷாப்பிரோ 2017இல் உருவாக்கிய ஒரு நாட்டிய நாடகம் அவற்றில் ஒன்று. அந்த ஆட்சியில் முன்பின் தெரியாத ஆண்களையும் பெண்களையும் வரிசையில் நிறுத்திக் கட்டாயமாகத் திருமணம் செய்துவைத்தார்கள். பல பெண்கள் நாற்பது ஆண்டுகள் அதைப் பேசாமலே வாழ்ந்தார்கள். அவர்களுடைய வாக்குமூலங்களிலிருந்து பிறந்தது அந்த நாடகம். ஒரு நாட்டியத்தைத் தண்டனையோடும் தீர்ப்போடும் சேர்த்து நீதியின் பகுதியாக ஏற்ற நகரம் இது.

அடுத்து, போபனா மையத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. புனோம் பென்னில் 1964இல் பிறந்து, பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அந்த ஆட்சியில் இழந்து, பதின்வயதில் தாய்லாந்து அகதி முகாம் வழியாக பிரான்ஸ் சென்ற ரித்தி பான் இயக்குநராகத் திரும்பி வந்து 2006இல் நிறுவிய ஒளி-ஒலி ஆவணக் காப்பகம் இது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கம்போடியாவின் பழைய படங்கள், செய்திச் சுருள்கள், பாடல்கள் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். 1960க்கும் 1975க்கும் இடையில் அந்நாட்டில் சுமார் 400 திரைப்படங்கள் வந்தன. இன்று மிஞ்சியவை முப்பதைச் சுற்றித்தான். அப்படியொரு காப்பகம் அங்கே ஏன் உயிர்மூச்சாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

மையம் தாங்கி நிற்கும் பெயர் ஹூத் போபனா என்ற இளம்பெண்ணுடையது. கெமர் ரூஜில் இருந்த தன் கணவருக்கு ரகசியமாகக் காதல் கடிதங்கள் எழுதியதுதான் அவர் செய்த குற்றம். பிரிந்து தவிக்கும் சீதையாகத் தன்னை நினைத்து எழுதினார். எஸ்-21இல் மாதக்கணக்கில் வதைக்கப்பட்டு 1977இல் கொல்லப்பட்டார். கைதானபோது எடுத்த படத்தில் நேராகக் கேமராவைப் பார்க்கும் அந்த முகத்தைத் துவோல் ஸ்லெங்கில் பார்த்திருப்பீர்கள்.

ரித்தி பானின் இரண்டு படங்களையாவது பயணத்துக்கு முன் பாருங்கள். 2003இல் வெளிவந்த எஸ்-21 ஆவணப்படத்தில் வான் நாத் தன் ஓவியங்களுக்கு முன்னால் பழைய காவலர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். கத்தவில்லை, அடிக்கவில்லை, இதைச் செய்தபோது உங்கள் மனம் எங்கே இருந்தது என்று பொறுமையாக விசாரிக்கிறார். ஒரு காவலர் காலியான அறையில் கதவைத் திறப்பதுபோலவும் கைதியை அதட்டுவதுபோலவும் பழைய வேலையை அப்படியே நடித்துக் காட்டும் காட்சி எந்த வாக்குமூலத்தையும்விடக் கனமானது. 2013இன் ‘தொலைந்த படம்’ தன் சிறுவயதைச் சொல்கிறது. அந்த நாள்களைக் காட்டப் படச்சுருள் இல்லாததால், நெல்வயலும் முகாமும் பட்டினியும் குடும்பமும் கையளவு களிமண் பொம்மைகளாகச் செதுக்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டன. கான் விழாவில் பரிசு பெற்ற அந்தப் படம்தான் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குச் சென்ற முதல் கம்போடியப் படம்.

பாடல்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். அவையே உங்களிடம் வரும். துக்துக் வண்டியிலோ காபிக் கடையிலோ 1960களின் கிதார் ஒலியோடு ஓர் ஆண் குரல் கேட்டால் அது சின் சிசாமுத்தாக இருக்கலாம். தாதிப் பயிற்சிக்குத் தலைநகர் வந்து வானொலிப் பாடகராகி, நாட்டின் பெருங்குரலாக உயர்ந்தவர். அவரோடு ரோஸ் செரேசோத்தியா, பான் ரோன் என்ற இரு பெண் குரல்கள். மூவரும் கெமர் ரூஜ் காலத்தில் மாண்டார்கள். எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடத் தெரியவில்லை. ஒலிநாடாக்களை மண்ணில் புதைத்தும் அகதி மூட்டைகளில் சுமந்தும் மக்கள் காத்ததால் பாடல்கள் பிழைத்தன. இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் அவை இன்று மனப்பாடம்.

அம்மையால் நான்கு வயதில் பார்வை இழந்த கோங் நாய், நீண்ட கழுத்துடைய இரட்டைத் தந்தி வாத்தியமான சாபேயை மீட்டி, அந்தந்த நேரத்தில் மனத்தில் தோன்றியதைப் பாட்டாகக் கட்டியவர். பிழைத்த முதுபெரும் கலைஞர்களைத் தேடிப் பிடித்து மாணவர்களோடு சேர்த்துவைத்தவர் ஆர்ன் சோர்ன்-பாண்ட். சிறுவனாக முகாமில் புல்லாங்குழல் வாசித்து உயிர் தப்பியவர். 1998இல் அவர் தொடங்கிய பணியே இன்று கம்போடியன் லிவிங் ஆர்ட்ஸ் என்ற அமைப்பு. கோங் நாய் போன்ற ஆசான்களின் கலையை இளைஞர்களிடம் சேர்த்தது அத்தகைய முயற்சி. 2021இல் வாண்டா என்ற இளம் ராப் பாடகர் கோங் நாயைத் தன்னோடு பாட வைத்து வெளியிட்ட பாடலை யூடியூபில் 10 கோடிக்கும் அதிகமான முறை பார்த்திருக்கிறார்கள். 2024இல் கோங் நாய் மறைந்தார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழா மேடையில் வாண்டா பாடினார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். மாண்டவர்களின் நினைவிடங்களுக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்திருக்கிறது. பிழைத்த கலைஞர்களின் கூரைக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. நவீன புனோம் பென்னை வடிவமைத்த பெரும் கட்டடக் கலைஞர் வான் மொலிவான் 1960களில் ஆற்றங்கரை அருகே எழுப்பிய தேசிய அரங்கம் கெமர் ரூஜ் காலத்தைக்கூடத் தாண்டி நின்றது. 1994இல் பழுதுபார்க்கும்போது தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் கட்டப் பணமில்லை என்றார்கள். கூரை போன மண்டபத்தில், மழைநீர் தேங்கிய தரைக்கு நடுவே, நடிகர்களும் நடனக் கலைஞர்களும் ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். 2008இல் அந்த மிச்சமும் இடிக்கப்பட்டது, நிலம் கைமாறியது.

அதே பகுதியில் இருந்த வெள்ளைக் கட்டடத்துக்கும் அதுவே கதி. 1963இல் எளிய மக்களுக்காகக் கட்டப்பட்ட, 468 வீடுகள் கொண்ட நீளமான அடுக்ககம். 1979க்குப் பின் நகரம் திரும்பிய நடனக் கலைஞர்கள், இசைக் கலைஞர்கள், சிற்பிகள் பலருக்கு அதில்தான் வீடு கிடைத்தது. மாடிப் படிகளில் பிள்ளைகள் விரல் வளைக்கப் பழகினார்கள். ஒரு வீட்டில் முரசும் அடுத்த வீட்டில் மணியும் கேட்கும். 2017இல் குடும்பங்களுக்கு இழப்பீடு தந்து வெளியேற்றிவிட்டு இடித்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த கவிச் நியாங் கடைசி நாள்களை ஆவணப்படமாக எடுத்தார்; பிறகு ‘வெள்ளைக் கட்டடம்’ என்ற கதைப்படமும் எடுத்தார். 2021 வெனிஸ் விழாவில் அதன் இளம் நாயகன் நடிப்புக்கான விருது பெற்றார். கட்டடத்தில் இப்போது மிஞ்சியிருப்பது அந்தப் படங்கள்தான்.

மண்டையோடுகளை மட்டும் பார்க்க வரும் கூட்டத்தால் இந்தக் கலைஞர்களுக்கு ஒரு பயனும் இல்லை. கலையைப் பார்க்கக் கூட்டம் வந்தால்தான் மேடைகளும் பயிற்சிக்கூடங்களும் நிலைக்கும். ஆடும் பிள்ளை இருபத்திரண்டு வயதில் விட்டுவிட்டு விடுதி வேலைக்குப் போகாமல் ஆசிரியராக முடியும்.

தேசிய அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். சிவப்புச் செங்கல் நிறத்தில், கூர்மையான கூரைகளோடு 1920இல் திறக்கப்பட்ட அழகிய கட்டடம். அங்கே துரியோதனனும் பீமனும் நிற்கிறார்கள். கோ கேர் என்ற 10ஆம் நூற்றாண்டுத் தலைநகரில், கதாயுதப் போரின் இறுதிக் கணத்தைக் காட்டி எதிரெதிரே நின்ற ஆளுயரச் சிலைகள். 1970களின் போர்க் குழப்பத்தில் திருடர்கள் அவற்றைக் கணுக்காலோடு உடைத்து எடுத்துச் சென்றார்கள். பாதங்கள் மட்டும் பீடத்தில் மிஞ்சின. துரியோதனன் 2011இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது அந்தப் பாதங்களே சாட்சி சொல்லின. வழக்கு நடந்து, 2014இல் துரியோதனனும், அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பீமனும் தாயகம் திரும்பினார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டதும் அதே 2014இல்தான். சிலை களவு போன கோயிலின் வலி தெரிந்த நமக்கு அந்தக் கூடத்தில் விளக்கம் தேவைப்படாது.

பயணத்தைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வைத்துக்கொள்ள முடிந்தால் பிச்சும் பென் நாள்களைப் பாருங்கள். நமக்கு மகாளய பட்சம் வரும் அதே பதினைந்து நாள்கள் அங்கும் முன்னோர்களுக்குரியவை. விடியலுக்கு முன், இருட்டிலேயே மக்கள் விகாரைகளுக்கு வந்து, பிசைந்த சோற்று உருண்டைகளைப் பசித்த ஆவிகளுக்காக வளாகத்தைச் சுற்றி எறிகிறார்கள். ஆவிகள் ஏழு விகாரைகளில் தேடும், எதிலும் படையல் கிடைக்காவிட்டால் வருந்தும் என்பது நம்பிக்கை. தகப்பனும் அண்ணனும் எந்த வயலில் விழுந்தார்கள் என்று தெரியாத குடும்பங்கள் அதனால் விகாரை விகாரையாகப் போகின்றன. ஒரு கைப்பிடி எள்ளும் தண்ணீரும் விட்டுப் பழகியவர்களுக்கு அந்த இருட்டில் நிற்பவர்களின் மனம் புரியும். ஓரமாக நின்று பாருங்கள். கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.

இனி உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பயணப் பணத்தைக் கட்டுவதற்கு முன், புனோம் பென்னில் ஓர் இரவாவது தங்கும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். காலையில் துவோல் ஸ்லெங், நண்பகலில் போபனா மையம், பிற்பகலில் தேசிய அருங்காட்சியகம், மாலையில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி என்று ஒரே நாளில் அடக்கிவிடலாம். சோயுங் ஏக்குக்கு மறுநாள் காலை போதும். சாப்பாட்டு விடுதியில் இலவசமாகக் காட்டப்படும் துண்டு ஆட்டத்தோடு திருப்தி அடையாமல், கலைஞர்களே நடத்தும் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்குங்கள். முடிந்ததும் எழுந்து ஓடாமல் ஆடியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். சிறையின் முற்றத்தில் வான் நாத்தின் நினைவுக்குறிப்பு நூல் விற்பனைக்கு இருந்தால் ஒரு பிரதி வாங்கி உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்.

பயண ஏற்பாட்டாளர்களாக இருக்கும் அன்பர்களுக்கும் இதே வேண்டுகோள். உங்கள் விளம்பரத் தாளில் கொலைக்களத்துக்கு அடுத்த வரியாக நாட்டிய நிகழ்ச்சியையும் அச்சிடுங்கள். அடுத்த குழு கிளம்புவதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட உங்களால் முடியும்.

அன்புடன்.